ஒரே கேண்டிடா பூஞ்சைதானே, முன்பு கேட்ட மாத்திரை இப்போது ஏன் கேட்பதில்லை?

லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து இதையேதான் எங்க அப்பா கேட்டார். "அதே பேருதான எழுதியிருக்கு கண்ணு, அதே மாத்திரை ஏன் கேக்கல?"

நான் சேலத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன். கேண்டிடாவில் ஓர் இனமான கேண்டிடா ஆல்பிகன்ஸைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. பூஞ்சையைக் கொஞ்சம் சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிநீரில், கலந்து 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால், முளைகட்டின பாசிப்பயறு போல செல்கள் வால் விட்டிருக்கும். அதோடு பேர் தெரிந்துவிடும். ஆனால் அதே பேருள்ள இரண்டு தட்டுகளில் ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து தோய்ந்த வில்லையை வைத்துப் பாருங்கள். ஒன்றில் வில்லையைச் சுற்றி அகலமாக வெறும் வட்டம். இன்னொன்றில் பூஞ்சை வில்லையை ஒட்டியே வளர்ந்து நிற்கும்.

அப்பா இளம்பிள்ளையில் ஜக்கார்டு தறி ஓட்டியவர். தறியில் எந்த டிசைன் விழ வேண்டும் என்று சொல்வது துளை போட்ட அட்டைக் கட்டு. அதனால் அட்டையை வைத்தே சொன்னேன். ஆல்பிகன்ஸிடம் 8 ஜோடி குரோமோசோம், அதாவது 8 கட்டு அட்டை, கட்டுக்கு இரண்டு பிரதி. எழுத்துப் பிழை போன்ற சின்ன வித்தியாசம் பூஞ்சைக்குப் பூஞ்சை ஆயிரக்கணக்கில் இருக்கும். அது ஒரு பக்கம். சில நேரம் ஒரு கட்டே கூடுதலாகக் கோர்த்துக்கொள்ளும். 2006இல் வெளியான ஆய்வில் பார்த்தது இது: 5ஆவது குரோமோசோமின் இடது கை இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டித் தனிக் குரோமோசோமாக நிற்கிறது. அந்தக் கையில்தான் எர்க்11 இருக்கிறது, மருந்து போய் அடைக்கிற நொதியைச் செய்யும் ஜீன். டாக்1னும் அங்கேயே, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்புகளை முடுக்கிவிடுவது. இரண்டும் இரண்டு பிரதி கூடிவிட்டால் பழைய டோஸ் எந்த மூலைக்கு?

அப்பாவுக்கு நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஜீனோம் படிக்கும் கருவி எங்கள் லேபில் கிடையாது. ஆனால் அவருக்குச் சுகர், நாக்கில் அடிக்கடி வெள்ளை படியும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தானே வாங்கி, இரண்டு நாள் போட்டு நிறுத்துவார். கொடுத்த கடைக்காரரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேண்டிடாவிலேயே இன்னொரு இனமான கேண்டிடா ஆரிஸ் கதை வேறு. 2009இல் ஜப்பானில் ஒரு பாட்டியின் காதிலிருந்து எடுத்துப் பேர் வைத்தார்கள். தெற்காசிய வகை, ஆப்பிரிக்க வகை, தென்னமெரிக்க வகை என்று பிரிந்து கிடக்கிறது. வகைக்கு வகை பல்லாயிரம் எழுத்து வித்தியாசம், ஒரே வகைக்குள் பார்த்தால் மிகக் கொஞ்சம். காதில் கண்ட கிழக்காசிய வகை மருந்துக்குப் பெரும்பாலும் அடங்கும், நம் பக்கத்து வகை லேசில் அடங்காது.

உங்கள் ரிப்போர்ட்டில் பேர் மட்டும் இருந்தால், எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சென்சிடிவிட்டி சோதனையும் போடச் சொல்லுங்கள். அப்பாவுக்கு அதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாற்றினார்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அட்டைய மாத்திக் கோத்தது யாருடா?" என்றார்.

"யாரும் இல்லப்பா. பிரதி எடுக்கறப்ப தானா விழுற தப்பு. நீங்க மாத்திரை போட்டப்ப அது மட்டும் தப்பிச்சு நின்னிருக்கும்."

சட்டைப் பையில் மிச்சமிருந்த அட்டை மாத்திரையை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாலு குறைந்திருந்தது.