மருத்துவர் பதில்: ஆயுர்வேத உருண்டைதானே, என்ன செய்யும்?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். போன மாதம் நண்பன் ஒருவன் கொடுத்தான் என்று கஞ்சா கலந்த மதனமோதக உருண்டை ஒன்று சாப்பிட்டிருக்கிறான். ஒரு மணித்தியாலமாக ஒன்றும் செய்யவில்லை என்று இன்னொன்றும் சாப்பிட்டானாம். இரவு நெஞ்சு படபடத்து, "நான் சாகப்போறன் அம்மா" என்று கத்தினான். வைத்தியசாலையில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது கேட்டால், "ஆயுர்வேதம்தானே, கஞ்சாவைக் கனடாவில் கடையிலேயே விற்கினம்" என்கிறான். என் தம்பிக்குக் காதில் குரல் கேட்கும் மனநோய் இருந்தது. அதனால் பயமாக இருக்கிறது. – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, இதை மகனும் உங்களோடு இருந்து வாசிக்கட்டும்.

அந்த இரவு நடந்ததற்குக் காரணம் இரண்டாவது உருண்டை. கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். புகைத்தால் அது நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். சாப்பிட்டால் முதலில் ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதில் ஒரு பகுதியை 11-ஹைட்ரொக்சி டி.எச்.சி. என்ற இன்னொரு பொருளாக மாற்றுகிறது. இதுவும் போதை தருவதுதான். மூளைக்குள் இலகுவாக நுழையும். இதற்கெல்லாம் அரை மணித்தியாலத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் வரை ஆகலாம். மகன் "ஒன்றும் செய்யவில்லை" என்று நினைத்த நேரத்தில் முதல் உருண்டை வழியில்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஏறியபோது அவனால் தாங்க முடியவில்லை. சாப்பிட்ட போதை எட்டு மணித்தியாலத்துக்கு மேலும் நிற்கும். ஓர் உருண்டையில் எவ்வளவு கஞ்சா இருக்கிறதென்று விற்றவனுக்கே தெரியாது. ஆயுர்வேதம் என்ற பெயர் அந்த அளவைக் குறைத்துவிடாது.

நம் மூளையே இதைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992இல் கண்டுபிடித்தவர்கள் அதற்கு அனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். நம் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். அது தேவையான இடத்தில் துளியளவு சுரந்து, வேலை முடிந்ததும் உடனே கரைந்துவிடும். அது மூளையில் போய் ஒட்டும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். டி.எச்.சி. அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்து மணிக்கணக்காக எழும்பாது. நினைவு, நேர உணர்வு, உடலின் சமநிலை, பயம் எல்லாவற்றையும் ஆளும் பகுதிகளில் அந்த ஏற்பிகள் நிறைய உண்டு. கொஞ்சமாகப் போனால் பயத்தைக் குறைக்கும், கூடிப்போனால் அதே பயத்தைக் கிளப்பும். இருதயத் துடிப்பும் ஏறும். மகன் நடிக்கவில்லை, அவனுக்கு உண்மையாகவே சாகப்போவதுபோல்தான் இருந்திருக்கும்.

மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் இந்த ஏற்பிகள் குறைவு. அதனால் ஹெரோயின்போல் இது மூச்சை நிறுத்துவதில்லை. "கஞ்சாவால் ஆர் செத்தது?" என்று பெடியன்கள் கேட்பது இதை வைத்துத்தான். அதில் ஓரளவு உண்மை இருப்பதை மறைத்துப் பேசினால் அவர்கள் நம் மற்றப் பேச்சையும் நம்பமாட்டார்கள்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் கடைசியாக எழுதிய வரி. மூளை முதிர்ச்சியடைய ஏறக்குறைய 25 வயதாகிறது. இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் உள்ள மனச்சிதைவு நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் பதின்ம வயதின் பிற்பகுதிக்கும் இருபதுகளுக்கும் இடையில்தான். இந்த வயதில் அடிக்கடி, அதுவும் டி.எச்.சி. கூடிய கஞ்சாவை எடுப்பவர்களுக்கு அந்த நோய் வரும் ஆபத்து கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தால் இன்னும் கூடும். மாமனுக்கு வந்தது மருமகனுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் மகனே, உன் நண்பனுக்கு இல்லாத ஓர் ஆபத்து உனக்கு இருக்கிறது. அவன் சாப்பிட்டுச் சிரித்தான் என்பதை வைத்து நீ கணக்குப் போடாதே.

கனடாவில் 2018இல் சட்டபூர்வமாக்கினார்கள், உண்மைதான். அங்கும் பெரும்பாலான மாகாணங்களில் 19 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்க முடியாது. கியூபெக்கில் 21. பொதியில் டி.எச்.சி. அளவு அச்சிட்டிருக்கும்.

அம்மா, இனிச் செய்ய வேண்டியது. பையைக் கிண்டிப் பார்க்காமல், கோபம் இல்லாத ஒரு நேரத்தில் "எத்தனை தரம் எடுத்தாய்?" என்று கேளுங்கள். அந்த ஒரு தரம்தான் என்றால் மருந்து ஒன்றும் தேவையில்லை. அடிக்கடி எடுத்திருந்தால், நிறுத்தியதும் எரிச்சல், நித்திரையின்மை, பசியின்மை வரும். முதல் வாரம் கடுமையாக இருந்து இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பது, எல்லோரையும் சந்தேகிப்பது, தனியே பேசுவது போன்றவை தெரிந்தால் காத்திருக்காமல் மனநல வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். உங்கள் தம்பியின் நோயையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறுபடியும் அப்படி ஓர் இரவு வந்தால் சத்தமில்லாத அறையில் ஒருவர் பக்கத்தில் இருந்து, "இது மருந்தின் வேலை, இறங்கிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், போதை இறங்கட்டும் என்று தேசிக்காய்த் தண்ணீரைப் பலவந்தமாகப் பருக்கவும் வேண்டாம். நெஞ்சு வலி, மயக்கம், வலிப்பு, தட்டியும் எழும்பாத நித்திரை என்றால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். உருண்டை சுற்றியிருந்த தாள் கிடைத்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.