இயந்திரத்தின் அருகே நிற்க விரும்பும் பெண்

மடித்து மடித்து, மகளின் மதிப்பெண் பட்டியல் அந்தத் தாயின் கையிலேயே ஓரம் கிழிந்திருந்தது. மருத்துவ நுழைவுத் தேர்வில் இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. "மூன்றாவது முறை எழுதட்டும், இல்லையென்றால் கடன் வாங்கியாவது சேர்த்துவிடு என்கிறார் என் அண்ணன்" என்றார் தந்தை. கவலைப்படாதீர்கள் என்று தொடங்கிய நான், மகள் பேசியதும் நிறுத்திக்கொண்டேன்.

அவளுடைய தம்பிக்குப் பிறந்த சில நாட்களில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் கண்ணாடி வழியே பார்த்தபோது இமை திறக்க முடியாத அளவுக்குக் குழந்தை வீங்கியிருந்தான். ஏன் வீங்கினான் என்ற கேள்வியை அவள் இன்றும் விடவில்லை.

ஐயா, அம்மா, அந்தக் கேள்வியோடு தினமும் வேலை செய்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். இதயத்தை நிறுத்தி அறுவை செய்யும்போது, உடலின் இரத்தத்தைக் குழாய் வழியே வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர் அவர்தான். 1953-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் அதை முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். குழாயின் செயற்கைப் பரப்பில் பட்டதும் இரத்தம் அதைப் பகையாக எண்ணுகிறது. வெள்ளையணுக்கள் கிளர்ந்தெழுகின்றன, நுண்நாளங்கள் கசிகின்றன, நீர் திசுக்களில் தேங்குகிறது. மூன்று கிலோ குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே சுமார் 250 மில்லிதான். இயந்திரக் குழாய்களை நிரப்பவே ஏறக்குறைய அவ்வளவு திரவம் தேவைப்படலாம். அதனால்தான் சிசுக்களுக்கு அடி பலமாக விழுகிறது. குழாயின் நீளத்தைக் குறைப்பது, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பூசிய குழாயைத் தேர்வது, முடிவில் வடிகட்டி மிகை நீரை வெளியேற்றுவது எல்லாம் பெர்ஃப்யூஷனிஸ்டின் கைவேலை. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் தீராதா? 2022-இல் வெளியான, ஆயிரத்துக்கும் அதிகமான சிசுக்களிடம் நடந்த ஆய்வில், அது எதிர்பார்த்த தெளிவான பலனைத் தரவில்லை. கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. உங்கள் மகளுக்கு அங்கே இடம் இருக்கிறது.

நர்சிங், மருந்தியல் பற்றி உறவினர்களே சொல்லியிருப்பார்கள், அவற்றை விடுகிறேன். கடனில் மட்டும் நான் இறங்கிவரமாட்டேன். வீட்டை அடகு வைத்து வாங்கும் டாக்டர் பட்டம் வேண்டாம். பெர்ஃப்யூஷன் படிப்பிலும் கட்டணம் கட்டுமுன், அதைக் கற்றுத்தரும் மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை இதய அறுவைகள் நடக்கின்றன, அவற்றில் குழந்தைகளுக்கு எத்தனை, மாணவர் இயந்திரத்தைத் தொட அனுமதி உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். இரவுப் பணி உண்டு, பல மணி நேரம் நிற்க வேண்டும். இதையும் மகளிடம் மறைக்காதீர்கள்.

அண்ணனிடம் நானே பேசுகிறேன். விண்ணப்பத்தை அவள் கையால் நிரப்பட்டும்.