"ஏன் வீட்டில் கற்பிக்கிறோம்?" – ஒரு தாளில் எழுதுங்கள்

கேள்வி: எங்களுக்கு 9, 6, 3 வயதில் மூன்று பிள்ளைகள். நானும் கணவரும் ஜெபித்து, ஒருமனப்பட்டுத்தான் மூத்த இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். நான்கு மாதம் ஆகிறது. காலை 9 மணி முதல் 3 மணி வரை பாடம் நடத்துகிறேன். பாதி நேரம் அழுகையும் அதட்டலும்தான். அதற்குள் இரண்டாவது பாடத்திட்டமும் வாங்கிவிட்டேன். "எதற்காக இப்படிச் செய்கிறீர்கள்?" என்று உறவினர்கள் கேட்டால், "கர்த்தர் நடத்தினார்" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. தரிசனம் தாரும் என்று தினமும் ஜெபிக்கிறேன், ஒன்றும் தெளியவில்லை. தேவசித்தத்தைத் தவறாகப் புரிந்துகொண்டோமா?

பதில்: அன்புச் சகோதரி, இந்த நான்கு மாதத்தை மட்டும் வைத்து அதைத் தீர்மானிக்காதீர்கள். பள்ளியை விட்டு வந்த பிள்ளைகள் வீட்டு ஒழுங்குக்குப் பழகவே சில மாதங்கள் ஆகும். அதோடு, நீங்கள் நடத்துவது பள்ளியின் கால அட்டவணையை. வருகைப்பதிவு, பாடத்துக்குப் பாடம் மாறுவது, வகுப்பு முழுவதும் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் பள்ளியின் ஆறு மணி நேரம். அதை வீட்டில் பாடத்தால் மட்டுமே நிரப்பப் பார்த்தால் அழுகைதான் மிஞ்சும்.

இனி தரிசனம். வீட்டுக்கல்வி பற்றிப் பேசும்போது பலர், "தரிசனத்தை எழுதி வை" என்று சொல்லும் ஆபகூக் 2:2-ஐ எடுப்பார்கள். அது பாபிலோனியருக்கு வரப்போகும் நியாயத்தீர்ப்பைப் பற்றிய தரிசனம். அதைப் போல நமக்கும் ஒரு வெளிப்பாடு வர வேண்டும் என்று காத்திருந்தால் வருஷங்கள் போய்விடும். பெற்றோரின் பொறுப்பு உபாகமம் 6:6-7-இல் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது: வசனம் முதலில் உங்கள் இருதயத்தில் இருக்க வேண்டும், பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளோடு அதைப் பேச வேண்டும். பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோருக்கும் இதே கட்டளைதான். ஆகவே உங்கள் ஜெபத்தைச் சற்றுக் குறிப்பாக்குங்கள்: "இந்த மூன்று பிள்ளைகளுக்கு, எங்கள் வீட்டில், இதை எப்படிச் செய்வது?" அதற்குப் பேனாவும் தாளும் வேண்டும்.

இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை வேதவாசிப்பு, மொழி வாசிப்பு, கணக்கு மூன்று மட்டும் நடக்கட்டும். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். ஒரு மாலை, நீங்களும் கணவரும் தனித்தனியாக உட்கார்ந்து 20 நிமிடம் எழுதுங்கள். முதலில், பள்ளியை விட்டதற்கான காரணங்கள். பயத்திலிருந்து வந்தவற்றின் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அவை பொய்யான காரணங்கள் என்று சொல்லவில்லை; ஆனால் பயம் பள்ளியை விட வைக்குமே தவிர, அடுத்த வாரம் என்ன கற்பிப்பது என்று சொல்லாது. பிறகு, இந்தப் பிள்ளை 18 வயதில் வீட்டை விட்டுப் போகும்போது எப்படிப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் லூக்கா 2:52 உதவும்: ஞானம், வளர்த்தி, தேவகிருபை, மனுஷர் தயவு. நான்கிற்கும் ஒவ்வொரு வரி போதும். தாள்களை மாற்றிக்கொண்டு, இருவரும் எழுதியிருப்பவற்றை மட்டும் ஒரு பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள். ஒன்றுகூட ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம். அந்தப் பேச்சு பள்ளியை விடுவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும், இப்போது நடக்கட்டும்.

அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் வார அட்டவணையில் ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். "வேதத்தைத் தானாக வாசித்து விளங்கிக்கொள்கிறவன்" என்று எழுதினால், 9 வயதுக்காரர் தினமும் பத்து வசனம் வாசித்து, வேதத்தை மூடிவைத்துத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். 6 வயதுக்கு நீங்கள் ஐந்து வசனம் வாசித்தால் போதும், கேட்டதைச் சொல்லட்டும். "பிறருக்கு உதவுகிறவள்" என்று எழுதிவிட்டு, வாரத்தில் ஒரு மணி நேரம்கூட வேறொருவருக்காகச் செலவாகவில்லை என்றால் அந்த வரி வெறும் ஆசை. நேரம் ஒதுக்குங்கள், அல்லது அடித்துவிடுங்கள். வாங்கிய இரண்டு பாடத்திட்டங்களில் எது இந்தப் பக்கத்துக்கு உதவுகிறதோ அதை வைத்துக்கொண்டு, மற்றதை ஆண்டு முடியும்வரை அலமாரியில் வையுங்கள்.

மேசைப் பாடத்துக்கு 6 வயதுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், 9 வயதுக்கு இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் போதும். அதையும் துண்டு துண்டாக நடத்துங்கள். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு வழிகாட்டிய சார்லட் மேசன், சிறுபிள்ளைகளின் பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார். திருப்பிச் சொல்ல வைப்பதும் அவர் வலியுறுத்திய முறைதான். கணக்கைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வேதம், சரித்திரம், இயற்கை ஆகியவற்றை இருவருக்கும் சேர்த்து நடத்தலாம். வாசிப்பும் கணக்கும் தனித்தனி. எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் 20 நிமிடத்தைக் குட்டிப் பிள்ளைக்குக் கொடுங்கள். அம்மா தனக்குக் கிடைத்துவிட்டாள் என்று தெரிந்தால் அது பாட நேரத்தில் மேசையைச் சுற்றி வராது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடங்காததற்குத் தண்டனையாக வசனம் எழுத வைக்காதீர்கள். "கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தைக் கணக்கு வராத பிள்ளையின் முன் வாசிக்காதீர்கள். வேதத்தைக் கையில் எடுத்தாலே திட்டு விழும் என்று பிள்ளை பழகிவிட்டால், நீங்கள் தொடங்கிய நோக்கமே கெட்டுவிடும். பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று எபேசியர் 6:4 சொல்வது பெற்றோரிடம்தான். 9 வயதுக்காரர் எழுத்துகளை இன்னும் மாற்றி மாற்றி வாசித்தாலோ, நாலு வரியில் களைத்துப்போனாலோ, முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால் கற்றல் குறைபாட்டுக்கு நிபுணரைப் பாருங்கள். அப்படிப் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

கணவர் சம்மதித்தது மட்டும் போதாது. அவர் கையில் நிலையான ஒரு வேலை இருக்க வேண்டும். மூத்தவரின் கணக்கை அவர் எடுத்துக்கொள்ளலாம், அல்லது இரவு வாசிப்பை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, வாரத்தின் ஒவ்வொரு மாலையிலும் குறிப்பிட்ட பிள்ளையோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கினார்; ஜானுக்கு வியாழன். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று மாலைகளை நீங்கள் இருவரும் பகிர்ந்துகொள்ளலாமே.

சட்ட விஷயத்தில் ஜெபத்தோடு நின்றுவிட வேண்டாம். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். சில நாடுகளில் பதிவு செய்தால் போதும். வேறு சிலவற்றில் ஆண்டுதோறும் மதிப்பீடு உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தின் விதியையும், பின்னால் தேர்வு எழுதும் வழியையும் இந்த மாதமே எழுத்தில் பெற்று வையுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் மாதம் ஒரு தாளைத் தேதி போட்டுக் கோப்பில் சேருங்கள். உறவினர் கேட்டால், எழுதிய பக்கத்திலிருந்து ஒரு வரியைச் சொல்லி, கோப்பையும் காட்டலாம், விவாதம் வேண்டாம்.

தொடர்வதா நிறுத்துவதா என்பதை அழுகை நடந்த நாளில் முடிவு செய்யாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே மாதத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள். உங்கள் உடலும் மனமும் தாங்காமல் போனாலோ, இரண்டு பருவமாக ஒரு பிள்ளை பின்னோக்கிப் போனாலோ, கணவருக்கு மனம் ஒப்பாவிட்டாலோ, அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். அழைப்பை மறுதலித்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. அந்த ஒரு பக்கத்தில் எழுதியவை பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும். 9 வயதுக்காரரையும் அன்று உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.