ஜாமீன் கையெழுத்து யாருடைய கடன்?

கேள்வி: இராதாபுரம் வட்டாரத்தில் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வயது 38, மாதச் சம்பளம் 24,000 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அத்தான் (அக்காள் கணவர்) கடை வைக்க வங்கிக் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். வீட்டு மருமகன் கேட்கும்போது மறுக்க முடியவில்லை. கடை நொடித்துப்போய்விட்டது. பாக்கி 1,80,000 ரூபாயைக் கட்டும்படி இப்போது எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் ஒரு ரூபாயைக்கூட நான் தொடவில்லையே, நான் ஏன் கட்ட வேண்டும்? ஊரில் ஒருவர் மூன்று வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறார், வாங்கி அடைத்துவிடலாமா? மனைவிக்கு இது எதுவும் தெரியாது.
- வாசகர், வள்ளியூர்

பதில்: உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. முதலில் அவரிடம் வசூலித்துவிட்டு என்னிடம் வாருங்கள் என்று வங்கியிடம் நீங்கள் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்திருக்கிறது. பணத்தைத் தொடாவிட்டாலும், கையெழுத்திட்ட அன்றே இது உங்கள் கடனும் ஆகிவிட்டது.

என் தந்தை அம்பாசமுத்திரத்தில் ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதியவர். வீட்டுக்கென்று தனியாகச் சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். பிசான அறுவடை முடிந்த ஒரு நாளில் அதைப் புரட்டியபோது, நாங்கள் கொடுக்க வேண்டிய கடன்களின் பக்கத்தில், ‘சித்தப்பாவுக்கு ஜாமீன் 600’ என்று பென்சிலால் எழுதியிருந்ததைக் கண்டேன். அவர் வாங்கிய கடன் நம் கணக்கில் எப்படி வந்தது என்று கேட்டேன். “அவன் கட்டினால் ரப்பரால் அழித்துவிடலாம், கட்டாவிட்டால் மையால் எழுத வேண்டியதுதான்” என்றார். நான்கு ஆண்டுகளாக உங்கள் கணக்கில் அந்தப் பென்சில் வரி இல்லாமல் போனதுதான், அத்தானுடைய கடை நொடித்ததைவிடப் பெரிய குறையாக எனக்குத் தோன்றுகிறது. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஜாமீன் நின்ற கடனும் அதில் இடம்பெறும் என்பதால், அதை வாங்கிப் பார்த்திருந்தால் தவணை தவறத் தொடங்கியபோதே தெரிந்திருக்கும். உடனே வாங்கிப் பாருங்கள். நீங்கள் மறந்துபோன வேறு கையெழுத்து ஏதேனும் இருந்தால் அதுவும் தெரியவரும்.

மூன்று வட்டி வேண்டவே வேண்டாம். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். 1,80,000 ரூபாய்க்கு மாதம் 5,400 ரூபாயும் ஆண்டுக்கு 64,800 ரூபாயும் வட்டிக்கே போகும்; அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

அதற்குப் பதிலாக, அத்தானையும் அழைத்துக்கொண்டு வங்கிக்குச் சென்று கணக்குப் பட்டியலையும் ஜாமீன் பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் சம்மதமின்றிக் கடன் நிபந்தனைகளை மாற்றியிருந்தால், மாற்றத்துக்குப் பிந்தைய வரவு செலவுக்கு நீங்கள் பொறுப்பல்ல என்று 133ஆம் பிரிவு சொல்வதால், அந்தத் தாள்களை வரிவரியாகப் படிப்பது அவசியம். உங்களோடு இன்னொருவரும் ஜாமீன் போட்டிருந்தால், பொதுவாக அவரும் சம பங்கு ஏற்க வேண்டும். உங்களால் கட்ட முடிகிற மாதத் தொகையைக் குறிப்பிட்டு, தவணை கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். அதற்கும் வங்கி இணங்காவிட்டால், பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேச முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் முறைப்படி கட்டும் தொகையை அத்தானிடமிருந்து திரும்பப் பெற 145ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆகவே ஒவ்வொரு ரசீதையும் உங்கள் பெயரில் வாங்கி வையுங்கள். உறவு கெடும் என்று அஞ்சினால், வழக்குக்குப் போகாமல், மாதம் இவ்வளவு தருகிறேன் என்று அவரிடம் எழுதி வாங்கலாம். அதைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று இரவே மனைவியிடம் நோட்டீஸைக் காட்டுங்கள். சம்பளத்தில் தவணைக்கு எவ்வளவு ஒதுக்க முடியும், வீட்டுச் செலவில் எதைக் குறைக்கலாம் என்பதெல்லாம் அவரோடு உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். அந்தத் தொகை தெரியாமல் வங்கிக்குக் கொடுக்கும் மனுவை எழுதவே முடியாது.