இந்தியா போகும் குடும்பத்துக்கு யாருக்கு என்ன ஊசி?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி: ஆவணியில் மூன்று கிழமை திருச்சி, பழனி, சென்னை என்று போகிறோம். அம்மாவுக்கு 63 வயது, மகனுக்கு 4, மகளுக்கு 10 மாதம். மஞ்சள் காய்ச்சல் ஊசி இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்கிறார் சித்தப்பா. என்னுடைய தடுப்பூசிக் காட் 2009 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் சித்தப்பாவின் கதையை முடித்துவிடுவோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆபிரிக்கா, தென் அமெரிக்காவில் அந்த நோய் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு. இலங்கையிலிருந்து நேரே இந்தியா போகிற உங்களிடம் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள்.

பிள்ளைகளுக்குத் தேவையானதில் பெரும்பகுதி ஏற்கனவே போட்டு முடிந்திருக்கும். அவர்களின் காட்டை எடுத்துப் பாருங்கள்: சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர் ஊசியில் 9 மாதத்துக்குரியது மகளுக்கும், 3 வயதுக்குரியது மகனுக்கும் பதிவாகியிருக்க வேண்டும். விடுபட்டிருந்தால் உங்கள் குடும்பநல மாதுவிடம் இந்தக் கிழமையே சொல்லுங்கள், சின்னமுத்து சனக்கூட்டத்தில் அவ்வளவு வேகமாகப் பரவும்.

அடுத்தது உங்கள் காட். வன்னியில் இது உங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. ஒரு தாய் பொலித்தீன் பையில் சுற்றி, நாலாக மடித்த காட் ஒன்றை என் மேசையில் விரித்தார். மடிப்பு வழியே கிழிந்து, மை கரைந்து, திகதிகள் வெறும் நீலக் கறையாக இருந்தன. அதையே பத்து வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். காட் இல்லையென்றால் வெட்கப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். முன்பு போட்டிருந்தாலும் இன்னொரு எம்.எம்.ஆர் போடுவதால் கெடுதல் இல்லை, பால் கொடுக்கும்போதும் போடலாம். கர்ப்பமாக இருந்தால் கூடாது, போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.எம்.ஆர் எங்கள் அட்டவணைக்கு வந்ததே 2011 இல் தான், ஆகவே உங்கள் வயதுக்காரருக்குக் கூகைக்கட்டுக்கு எதிரான ஊசி அநேகமாகக் கிடைத்திருக்காது. ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) விபரம் உங்கள் கர்ப்பகாலப் பதிவில் இருக்கும், அதைத் தேடுங்கள். கணவருக்கும் அம்மாவுக்கும் கடைசியாக எப்போது ஏற்பூசி போட்டது என்று கேளுங்கள், பத்து வருடம் தாண்டியிருந்தால் ஒன்று போடலாம்.

புதிதாக யோசிக்க வேண்டியவை இரண்டு. நெருப்புக்காய்ச்சல் ஊசியில் வழக்கமான வகை 2 வயதுக்கு மேல், புறப்பட இரண்டு கிழமைக்கு முன்பாவது போட வேண்டும், மூன்று வருடம் வரை பயன் தரும். செங்கண்மாரி ஏ வகைக்கான ஊசி ஒரு வயதுக்கு மேல். இரண்டும் பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டிவரும். கை இறுக்கமாக இருந்தால் மகனுக்கு முதலில் போடுங்கள் என்பேன், கண்டதையும் வாயில் வைக்கிற வயது. குழந்தைக்குத் தாய்ப்பாலும் கொதித்தாறிய தண்ணீரும்தான் காவல். ஊசி போட்டவர்களும் வழியில் ஐஸ் போட்ட ஜூஸ் குடிக்க வேண்டாம்.

நாயோ கோயில் குரங்கோ கடித்தால், கீறினாலும்தான், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அப்புறம் அங்கேயே அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஊருக்கு வந்து பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

மலேரியாவுக்கு எங்கள் பயணிகளுக்குப் போடுகிற ஊசி எதுவும் இல்லை, குளிசைதான். போகும் ஊர்களை மலேரியாத் தடை இயக்கத்தில் சொன்னால் தேவையா என்று பார்த்து இலவசமாகவே தருவார்கள். 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று தந்தது. ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு இங்கே போய்விடவில்லை. இந்திய நகரங்களில் மலேரியா பரப்புகிற ஸ்டீபன்சி நுளம்பை இலங்கையில் முதலில் கண்டதே எங்கள் மன்னாரில்தான். குளங்களும் கிணறுகளும் நிறைந்த இடத்தில் ஒருவர் கிருமியோடு வந்து இறங்கினால் போதும். ஆகவே திரும்பி வந்து மாதக்கணக்கு ஆகியிருந்தாலும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பனடோலோடு நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், டொக்டர் கேட்கும் முன்பே "இந்தியா போய் வந்தனாங்கள்" என்று சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.