லென்ஸ் அளவு தப்பிவிட்டது, வழக்குப் போடலாமா?

கேள்வி: எனக்கு மைனஸ் 13 பவர். கருவிழி மெலிந்திருக்கிறது, லேசர் கூடாது என்று சொல்லி இரு கண்ணுக்குள்ளும், சொந்த லென்ஸை எடுக்காமல் அதற்கு முன்னால் பொருத்தும் ஐசிஎல் லென்ஸ் வைத்தார்கள். ஐந்தாம் வாரம் இடது கண்ணில் வலி, அழுத்தம் 34. லென்ஸ் பெரிது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். இலவசமாக மாற்றி, அந்தக் கண்ணுக்கு வாங்கிய பணத்தையும் தருவார்களாம், கையெழுத்துக் கேட்கிறார்கள். அறுவைக்கு முன் டாக்டர் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. வழக்கில் ஜெயிப்பேனா?

பதில்: உங்கள் நாலு பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது கூடவே வந்த ஒரு சீட்டுதான். முதல் வாரப் பரிசோதனைச் சீட்டு. இடது கண்ணுக்கு நேரே 'வால்ட் 1180' என்று பேனாவில் எழுதி, கீழே 'ஒரு மாதம் கழித்து வரவும்' என்றிருக்கிறது. வைத்த லென்ஸுக்கும் உங்கள் சொந்த லென்ஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அது, மைக்ரான் கணக்கில். பொதுவாக 250 முதல் 750 வரை எதிர்பார்ப்பார்கள். ஆயிரத்தைத் தாண்டினால் கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகி அழுத்தம் ஏறலாம். அதைப் பார்த்தும் ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் வழக்கு நிற்பது இதில்தான்.

டாக்டர் பேசாததை விட்டுவிடுங்கள்; ஒப்புதல் படிவத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. அளவு தப்பியதும் தனியாக நிற்காது. இந்த லென்ஸ் 12.1, 12.6, 13.2, 13.7 மி.மீ. என நாலே அளவில் வருகிறது. பெரும்பாலும் வெளியே அளந்து உள்ளே எது பொருந்தும் என்று கணிக்கிறார்கள். சரியாக அளந்தாலும் தப்பலாம் என்று எதிர்த்தரப்பு நிபுணர் சொல்வார். அது பொய்யும் இல்லை.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. என் கட்சிக்காரர் ஒருவர், கோபத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் லென்ஸை எடுத்துவிட்டார். எடுக்கும் முன் ஸ்கேன் இல்லை, எடுத்த லென்ஸ் குப்பைக்குப் போனது. "முதல்லயே தப்பு பண்ணிட்டாங்க" என்ற இரண்டாவது டாக்டர், எழுதித் தரச் சொன்னதும் நழுவினார். பிறகு கண்புரை வந்தபோது இரண்டு ஆஸ்பத்திரியும் ஒன்றையொன்று கைகாட்டின. கூடவே, அதிகக் கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்புரை சீக்கிரம் வரத்தான் செய்யும் என்றொரு வாதம். மனிதர் வெறுங்கையோடு போனார்.

அதற்காக அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். 34 அழுத்தத்தோடு காத்திருந்தால் பார்வை நரம்பு போகும். மாற்றுவதற்கு முன்பே வால்ட் ஸ்கேன், நரம்பு ஸ்கேன், பார்வைப் பரப்புச் சோதனை, கருவிழியின் உள்ளடுக்குச் செல் எண்ணிக்கை ஆகியவற்றின் பிரதி கையில் இருக்க வேண்டும். லென்ஸ் அட்டையைத் தொலைக்காதீர்கள், வரிசை எண் அதில்தான். எடுக்கும் லென்ஸைப் பத்திரப்படுத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேஸ் ஷீட் முழுவதும் வந்த பிறகுதான் கையெழுத்துப் பேச்சு.

சரி, நரம்பு கெடவில்லை என்று சோதனை சொன்னால்? பணத்தை வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். நிரந்தர நஷ்டம் இல்லாத வழக்கில் நிபுணர் கட்டணமே உங்களை விழுங்கிவிடும். ஆனால் 'இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு, 'இன்றுவரை தெரிந்த பாதிப்புக்கு மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் அறுவைக்குப் பின் கண்புரையோ செல் இழப்போ வருடங்கள் கழித்தும் தெரியவரலாம். அடிக்க மறுத்தால் கையெழுத்துப் போடாமல் லென்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், பணத்தை அப்புறம் பேசலாம். ஆனால் நீங்கள் பேசிக்கொண்டிருப்பதால் வழக்குப் போடுவதற்கான கால வரம்பு நின்றுவிடாது.