தோட்டா உருக்கலாமா? வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கேள்வி: 2018இல் தங்கச்சிமடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் கிடைத்தன. அதுமாதிரி எங்கள் தோப்பில் கிடைத்தால் உருக்கி வலைக்கு ஈயக்குண்டு செய்யலாம் என்கிறார் அண்ணன். செய்யலாமா? (மண்டபம்)

பதில்: வேண்டவே வேண்டாம். அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எத்தனை வருஷம் மண்ணில் கிடந்தாலும் தீயில் போட்டால் தோட்டா வெடிக்கும். தொடாமல் 100க்குப் போன் செய்யுங்கள்.

வெடிக்காவிட்டாலும் காரீயப் புகை இருக்கிறது. பாம்பன் பக்கம் ஒரு வீட்டில் பழைய ஈயத்தைத் தகர டப்பாவில் உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் குந்தியிருந்து அச்சை ஊதி ஊதி ஆறவைத்தவன் ஐந்து வயதுப் பையன். சாயங்காலம் அதே அடுப்பில் மீன் குழம்பு. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. காரீயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. பெரியவர்களுக்கு ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு வரும். எலும்புக்குள் போய்விட்டால் வருஷக்கணக்கில் தங்கும். சுடுதளத்தில் பல வருஷம் நின்ற முன்னாள் ராணுவத்தினரும் ரத்தத்தில் காரீய அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

கேள்வி: 1992இல் குவைத்தில் உடைந்த டாங்கிகளை வெட்டும் வேலை பார்த்தேன். யுரேனியக் குண்டு (அணுகுண்டு அல்ல, டாங்கியைத் துளைக்கும் குண்டு) பட்டவை என்கிறார்கள். இப்போது ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 1.6. அதுதான் காரணமா? (தேவிபட்டினம்)

பதில்: உங்கள் பயம் புரிகிறது. 1991 வளைகுடாப் போரில் சுமார் 300 டன் யுரேனியம் குண்டுகளாகப் பாய்ந்தது உண்மை. குண்டு மோதும்போது எரிந்து பொடியாகும். அதைச் சுவாசிப்பதுதான் ஆபத்து. கதிர்வீச்சைவிட, கன உலோகமாக அது முதலில் தாக்குவது சிறுநீரகத்தைத்தான். ஆனால் உடம்பிலேயே யுரேனியக் குண்டின் சில்லு தங்கிய அமெரிக்க வீரர்களை 1990களிலிருந்து பரிசோதித்து வருகிறார்கள். சிறுநீரில் யுரேனியம் இன்னும் வருகிறது, சிறுநீரகமோ பெரிதாகக் கெடவில்லை. அதனால் முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் மூன்றையும் பாருங்கள். டாங்கி வெட்டிய கதையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பெயின்ட் புகையில் காரீயம் இருந்திருக்கலாம்.

கேள்வி: கரையில் ஒதுங்கும் தகர உருளைகளைப் பிள்ளைகள் எடுத்து விளையாடலாமா? (தொண்டி)

பதில்: கூடாது. சிலவற்றில் பாஸ்பரஸ் இருக்கும். ஜெர்மனியின் பால்டிக் கரையில், போர்க்காலப் பாஸ்பரஸ் கட்டியை அம்பர் என்ற மஞ்சள் நிற அலங்காரக் கல் என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டவர்கள் வெந்துபோயிருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். காய்ந்ததும் தானே பற்றிக்கொள்ளும். பட்டுவிட்டால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஈரத்துணி சுற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எண்ணெயோ களிம்போ தடவாதீர்கள்.